முள்ளின் மேல் கட்டிய இலை

கப்பல் இலையைப் பற்றி என் முன்னால் யாரும் இளக்காரமாகப் பேசக்கூடாது. பேசினால் எனக்குக் கோபம் வரும். இலை இருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று பேசினாலும் கோபம் வரும். இந்த இரண்டு பேச்சையும் ஒரே ஆளின் வாயிலிருந்து கேட்டவன் நான். அந்த ஆள் கமலநாதன். எங்கள் தோட்டத்து கண்ட்ராக்டர்.

முதலில் இலையைச் சொல்லிவிடுகிறேன். மலாய்க்காரர்கள் அதைக் கப்பால் தெர்பாங் என்பார்கள். ஆகாயக் கப்பல் என்று அர்த்தம். நாங்கள் சுருக்கிக் கப்பல் இலை என்போம். எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் வெயில் விழுகிற இடமெல்லாம் முளைக்கிற களைச்செடி அது. கொழுந்தாகப் பறித்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் பச்சைச் சாறு இறங்கும். காட்டமான வாடை அடிக்கும். வெட்டுப்பட்ட இடத்தில் சாற்றைப் பிழிந்து, சக்கையை மேலே அப்பி, துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். எரியும். பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். கொஞ்ச நேரத்தில் இரத்தம் நின்றுவிடும். குலை வெட்டுகிற அரிவாள் பட்ட தழும்பு என் இடது கையில் இருக்கிறது. தையல் கிடையாது, ஊசி கிடையாது, இலை மட்டும்தான். பென்சிலால் கோடு போட்டது மாதிரி ஆறியிருக்கிறது.

ஆனால் வெட்டு வேறு, குத்து வேறு. கத்தி பட்ட காயத்துக்கு வாய் திறந்திருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். கழுவி, இலை வைத்து மூடலாம். செம்பனை முள் குத்தினால் வாய் கடுகளவு, ஆழம் விரலளவு. அதை மூடவே கூடாது. ஊசியை நெருப்பில் காட்டித் தோண்டி, முள் முழுசாக வந்ததா என்று பார்த்து, கெட்ட இரத்தத்தைப் பிதுக்கி வெளியே விட வேண்டும். இது ஒன்றும் பெரிய வைத்தியம் இல்லை. தோட்டத்தில் பிறந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். என் மனைவி புஷ்பவள்ளிக்கும் தெரியும். தோட்டத்தில் பிறந்த கமலநாதனுக்கும் தெரியும். அதனால்தான் என் கோபம் இன்னும் அடங்கவில்லை.

எங்கள் தோட்டம் கோத்தா திங்கியிலிருந்து உள்ளே போகிற செம்மண் பாதையில், ஆற்றை ஒட்டி இருக்கிறது. நான் குலை வெட்டுகிறேன். புஷ்பவள்ளி மரத்தடியில் சிதறுகிற உதிரிப் பழம் பொறுக்குகிறாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை சாப்பிடுகிறவள்தான், ஆனால் யாராவது தீபாவளிக்கு லட்டு நீட்டினால் வேண்டாம் என்று சொன்னதில்லை.

தோட்டத்துக் கிளினிக்கை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. டிரெஸ்ஸர் உட்கார்ந்து மருந்து கட்டிய அறையில் இப்போது உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள். தோட்டம் முழுக்கக் களைக்கு மருந்து அடிப்பார்கள், உரமூட்டை ஸ்டோருக்குப் பின்னால் மட்டும் அடிக்கமாட்டார்கள். அங்கே கப்பல் இலை புதராக மண்டிக் கிடக்கும். மருந்தடிக்கிற ஆட்களிடம் கமலநாதனே சொல்லி வைத்திருந்தான்.

"அத தொட்டுடாதீங்கடா. அதான் நம்ம கிளினிக்கு. நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் எந்த டாக்டர்கிட்ட போனாங்க? இலை இருக்கறப்ப என்னத்துக்குலா ஆஸ்பத்திரி?"

அவன் நம்மைப் பெருமைப்படுத்துகிறான் என்று நாங்களும் சிரித்தோம்.

விஷயம் வேறு. விடியலில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் கம்பெனி ஒரு பலகை நட்டிருக்கிறது. விபத்து இல்லாமல் எத்தனை நாள் போயிருக்கிறது என்று அதில் எழுதுவார்கள். யாராவது காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் அது விபத்து. எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். காயத்தின் மேல் இலை வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்கு நின்றால் அது விபத்தே இல்லை. வருஷக் கடைசி வரைக்கும் எண் விழாமல் இருந்தால் கமலநாதனுக்கு மறுபடி கண்ட்ராக்ட். எங்களுக்கு ஜொகூர் பாருவில் பெரிய ஓட்டலில் விருந்து. குடும்பத்தோடு பஸ் ஏற்றிக் கூட்டிப்போவார்கள். குலுக்கலில் டிவி, கரண்டில் சோறு வேகிற பானை எல்லாம் விழும். இதற்காக நாங்களே ஒருவர் காயத்தை ஒருவர் மூடினோம். கமலநாதன் கத்தியைக் காட்டி மிரட்டவில்லை. அவனுக்கு அந்த வேலையே இல்லாமல் நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

போன வருஷம் வசந்தன் என்ற பையனுக்குத் தோளில் அரிவாள் இறங்கியது. இலைக்கு அடங்காத வெட்டு. அவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தானே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போட்டுக்கொண்டு வந்தான். பலகையில் பூஜ்யம். விருந்து கிடையாது. கமலநாதனுக்கு இன்னும் ஒரே ஒரு வருஷம்தான் தவணை கொடுத்தார்கள். பெண்கள் புதுப் புடவைக்கு ரவிக்கை தைத்து வைத்திருந்தார்கள். கூட்டமே அவனைக் கரித்துக் கொட்டியது.

"வாங்க டின்னர் வசந்தன், சாப்ட்டீங்களா?" என்று பெரட்டில் எல்லார் முன்னாலும் கேட்டது புஷ்பவள்ளிதான். அந்தப் பெயர் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. அவன் பெக்கான் நானாஸ் பக்கம் அன்னாசிக் காட்டு வேலைக்குப் போய்விட்டான். என் மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய் பிறகு அவளையே கட்டிப்போட்டது.

இந்த வருஷம் வெள்ளம் வந்தது. ஆறு தோட்டத்துக்குள் ஏறி, சேற்றைப் பரப்பிவிட்டு இறங்கியது. வெட்டி அடுக்கியிருந்த மட்டைகள் சேற்றுக்குள் புதைந்து கிடந்தன, முள்ளெல்லாம் மேலே பார்த்தபடி. அந்தக் காட்டை இரண்டு வாரமாவது விட்டு வைத்திருக்க வேண்டும். விழுந்த பழம் அழுகிவிடும் என்று கமலநாதன் பெண்களை இறக்கினான். என்னை மேட்டுக் காட்டுக்கு அனுப்பிவிட்டான். நடந்ததை எனக்குச் சொன்னது புஷ்பவள்ளியும், பெண்களோடு கூடப் பொறுக்கிக்கொண்டிருந்த சுகுமாறன் என்ற பையனும்தான்.

முள் அவளுடைய ரப்பர் பூட்ஸைத் துளைத்துக்கொண்டு வலது காலின் சுண்டு விரலடியில் ஏறியிருக்கிறது. அவள் மட்டையின் மேல் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி முள்ளைப் பிடுங்கியிருக்கிறாள். இரத்தம் கொட்டியிருக்கிறது. அந்த நேரம் பார்த்து கம்பெனியின் வெள்ளை வண்டி பாதையில் வந்திருக்கிறது. தோட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிறவர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். கமலநாதன் ஓடிவந்திருக்கிறான், கையில் இலையோடு.

"இருங்க தம்பி, ஊசி வாங்கித் தோண்டிட்டு அப்புறம் கட்டறேன்" என்றிருக்கிறாள் இவள்.

"சாயங்காலம் தோண்டிக்கலாம்க்கா. ஆடிட்காரன் வந்துட்டான். இந்த ரத்தத்த பாத்தான்னா போச்சு, எல்லாம் போச்சு."

அவனே மண்டி போட்டு உட்கார்ந்து, அவனே கசக்கி, தன் கழுத்தில் கிடந்த துண்டைக் கிழித்து அவனே கட்டியிருக்கிறான். வந்தவர்கள் இறங்கி என்ன என்று கேட்டபோது, எங்கள் மக்களின் பாரம்பரிய வைத்தியம் என்று மலாயில் விளக்கம் சொல்லியிருக்கிறான். வந்தவர்களில் ஒருத்தி அந்தக் காலைப் படம் பிடித்துக்கொண்டாளாம். இதைச் சாயங்காலம் வீட்டில் புஷ்பவள்ளி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"என் காலு கம்ப்யூட்டர்ல வரப்போவுதுங்க. உங்க மூஞ்சி எதுலயாச்சும் வந்திருக்கா?"

"முள்ளு வந்துடுச்சா?"

"பிடுங்கிட்டேன்."

"முழுசா?"

"இல்ல, பாதிய உங்களுக்கு வச்சிருக்கேன். போங்க."

ஊசியை எடுத்துக்கொண்டு வந்தேன். கட்டை அவிழ்த்துப் பார்த்தால் இரத்தம் சுத்தமாக நின்றிருந்தது. காயத்தின் வாய் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தது. நான் ஊசியை வைத்ததும் அவள் காலை இழுத்துக்கொண்டாள். "ஆறுன காயத்த எதுக்கு நோண்டறீங்க?" என்று கத்தினாள். இலை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. மூடச் சொன்னார்கள், மூடியது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது இலையின் வேலையா?

மேல் தோல் அழகாகச் சேர்ந்துவிட்டது. பெரட்டில் கமலநாதன் அவள் காலைக் காட்டி எல்லாரிடமும் சொன்னான், "பாத்தீங்களா? ஒரு சொட்டு சீழ் இல்ல. டாக்டர்கிட்ட போயிருந்தா ஒரு மாசம் வீட்ல உக்காரச் சொல்லியிருப்பான்." அவளும் பெருமையாகக் காலைத் தூக்கிக் காட்டினாள்.

பிறகு அவள் நடை மாறியது. குதிகாலை ஊன்றி நடந்தாள். கேட்டால், "பூட்ஸு புதுசு, கடிக்குது" என்றாள். சோறு இறங்கவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து வந்து அந்த பூட்ஸைக் கழற்ற முடியாமல் வாசலில் உட்கார்ந்திருந்தாள். நான் பிடித்து இழுத்தேன். வரவில்லை. கத்திரியால் ரப்பரை வெட்டித்தான் எடுத்தேன். உள்ளே இருந்தது கால் மாதிரியே இல்லை. சிவந்து, பளபளவென்று, கணுக்கால் வரைக்கும் வீங்கியிருந்தது. தொட்டால் கொதித்தது. காயத்தின் வாய் இருந்த இடம் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல மூடிக்கிடந்தது. சுண்டு விரல் கருத்திருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த பூட்ஸை வேலிக்கு அந்தப் பக்கம் வீசினேன்.

"ஏன்டி சொல்லல?"

"சத்தம் போடாதீங்க. பக்கத்து வீட்டுல கேக்கும்."

"கேக்கட்டும்! கிளம்பு ஆஸ்பத்திரிக்கு."

"வருஷம் முடியப்போவுதுங்க. பொம்பளைங்க எல்லாம் துணி எடுத்துட்டாங்க. நான் போனா அவ்வளவுதான். அந்தப் பையனுக்கு நான் வச்ச பேர எனக்குத் திருப்பி வைப்பாங்க. எப்படி மூஞ்சியில முழிப்பேன்?"

காலைவிட அவளுக்கு அந்தப் பெயர்தான் பெரிதாக இருந்தது. நான் அவளைத் திட்டினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். எழுத முடியாது. அதற்குள் அவளுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. மோட்டார் சைக்கிளில் உட்கார வைக்க முடியாது. கமலநாதனிடம் பெரிய வண்டி இருக்கிறது. வேறு வழியில்லாமல் அவன் வீட்டுக்கு ஓடினேன். அவன் உடனே சாவியை எடுத்தான். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. ஏன் அவ்வளவு அவசரமாக வந்தான் என்பது வண்டியில் ஏறிய பிறகு தெரிந்தது.

புஷ்பவள்ளி பின்சீட்டில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். வண்டி செம்மண் பாதையில் குலுங்கும் போதெல்லாம் முனகினாள். கமலநாதன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடி பேசிக்கொண்டே ஓட்டினான்.

"அக்கா, காதுல விழுதா? டாக்டர் கேட்டா வீட்ல நடந்துச்சுன்னு சொல்லுங்க. வீட்டுக்குப் பின்னால வாழை இருக்குல்ல? அங்க ஆணி குத்திடுச்சு. அவ்வளவுதான். ஆணி. துருப்பிடிச்ச ஆணி."

"அவளே நெருப்பா கொதிக்கிறா, இப்ப இது முக்கியமாடா?" என்றேன்.

"அண்ணே, உங்களுக்காகத்தான் சொல்றேன். வேலையிலனு சொன்னா தொழிலாளி இன்சூரன்ஸ் பாக்கற சொக்சோக்காரன் வருவான், கம்பெனிக்காரன் வருவான், கேள்வி மேல கேள்வி. நாளைக்கு எல்லாரும் உங்களத்தான் பேசுவாங்க. எங்க நடந்தா என்ன, மருந்து ஒண்ணுதானே? ஆணின்னா மருந்து கொடுக்க மாட்டானா?"

"சரி தம்பி, ஆணின்னே சொல்றேன்" என்றாள் புஷ்பவள்ளி. கண்ணைத் திறக்காமலே என் கையைத் தேடிப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "நீங்களும் மாத்திச் சொல்லக்கூடாது. என் மேல சத்தியம்."

ஆஸ்பத்திரியில் பார்த்தது ஒரு தமிழ் டாக்டர். சுபத்ரா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. எங்களுக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயது இருக்கும். ரொம்ப நேரமாக நின்றுகொண்டே வேலை பார்த்தவள் மாதிரி ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள்.

"எப்படி ஆச்சு ஆன்ட்டி?"

"ஆணி குத்திருச்சும்மா. வீட்டுப் பின்னால."

"அப்பவே ஏன் வரல? என்ன போட்டீங்க?"

"கப்பல் இலை வச்சுக் கட்டுனேன்."

டாக்டர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அங்கிள், சுகர் இருக்கறவங்க. ஆணிக் குத்துக்கு இலைய வச்சுக் கட்டுவீங்களா? மேல மூடிக்கிச்சு, உள்ள முழுக்க சீழ்."

நான் வாயைத் திறந்தேன். ஆணிக்கும் கட்டமாட்டோம், முள்ளுக்கும் கட்டமாட்டோம், எங்களை என்ன காட்டு ஜனம் என்று நினைத்துவிட்டாயா என்று கேட்க வந்தேன். புஷ்பவள்ளி என் கையை நகத்தால் கிள்ளினாள். மூடிக்கொண்டேன். அந்தப் பெண் சொன்னதில் தப்பும் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் திரும்பி வந்தபோது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "நல்ல வேளை, ஆணி உடைஞ்சு உள்ள தங்கல. இரும்பு இருந்தா படத்துல வெள்ளையா தெரியும். ஒண்ணும் இல்ல. எலும்பும் இப்போதைக்கு நல்லா இருக்கு. நரம்புல மருந்து ஏத்தறோம். கேக்குதான்னு பாப்போம்."

வராண்டாவில் நின்றிருந்த கமலநாதன் என் தோளைத் தட்டினான். "பாத்தீங்களாண்ணே? ஒண்ணும் இல்லையாம். நீங்கதான் சும்மா பயந்தீங்க."

மருந்து ஏறியது. மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்தபோது காய்ச்சல் இறங்கவில்லை. சிவப்பு கணுக்காலைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. முந்தின நாள் சிவப்பின் விளிம்பில் நர்ஸ் பேனாவால் போட்டு வைத்திருந்த கோட்டைக் கடந்துவிட்டது. புஷ்பவள்ளி என்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். செத்துப்போன அவளுடைய அண்ணன் பெயர்.

டாக்டர் என்னைக் கட்டிலை விட்டுக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டாள். "அங்கிள், மருந்துக்கு அடங்க மாட்டேங்குது. எதனாலன்னு எனக்குப் புரியல. ஆணி உள்ள இல்ல. இப்படியே ஏறுச்சுன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும். இன்னிக்கு மத்தியானம் பெரிய டாக்டர் பாப்பாரு. மனசத் தயார் பண்ணிக்குங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறாள். முள் உள்ளே இருந்தால் தெரிந்திருக்காதா? ஒருவேளை உண்மையிலேயே முழு முள்ளும் வந்துவிட்டதோ? பிறகுதான் முதல் நாள் அவள் சொன்னது மண்டையில் ஏறியது. இரும்பு இருந்தால் வெள்ளையாகத் தெரியும். இரும்பு. முள் என்ன இரும்பா? அதுவும் மரம்தானே. அந்தப் பெண் இல்லாத ஆணியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். நாங்கள் தேடச் சொன்னோம்.

அந்த நேரத்தில் கமலநாதன் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வார்டுக்குள் வந்தான். பின்னால் சுகுமாறன். "அக்கா எப்படிண்ணே இருக்காங்க?" என்று பையை என் கையில் கொடுத்தான்.

நான் நகரப்போன டாக்டர் பக்கம் திரும்பினேன். "டாக்டரம்மா," என்று கூப்பிட்டேன். குரல் பெரிதாக வந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனக் கிழவி எழுந்து உட்கார்ந்தாள். "ஆணி இல்லம்மா. செம்பனை முள்ளு. வேலை செய்யறப்ப, வெள்ளக் காட்டுல, சேத்துக்குள்ள. பாதி முள்ளு உள்ளதான் இருக்கணும்."

"அண்ணே!" என்றான் கமலநாதன்.

"நீ வாய மூடு."

"அண்ணே, அக்கா சத்தியம் வாங்கியிருக்காங்க, நீங்க பாட்டுக்கு…"

"சத்தியமாவது மயிராவது! அவ காலு போவுதுடா!"

டாக்டர் சுபத்ரா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த கோபத்தை நான் மறக்கமாட்டேன். அது என் மேல்தான். நியாயம்தான். "முள்ளு எக்ஸ்ரேல தெரியாது அங்கிள். நேத்தே சொல்லியிருந்தா நேத்தே ஸ்கேன் பண்ணியிருப்பேன்" என்று மட்டும் சொன்னாள். திரும்பி நர்ஸிடம் மலாயில் ஏதோ வேகமாகச் சொல்லிக்கொண்டு ஓடினாள். நிஜமாகவே ஓடினாள்.

ஸ்கேன் செய்தார்கள். இருந்தது. சுண்டு விரலுக்கு அடியில், எலும்பை ஒட்டி, படுத்துக்கிடந்தது. அன்றைக்கே உள்ளே கொண்டுபோய்க் கிழித்து, கழுவி, முள்ளை எடுத்தார்கள். சுண்டு விரல் போய்விட்டது. பாதம் நின்றது. டாக்டர் வெளியே வந்து என்னிடம் சொன்னபோது நான் அந்த ஆரஞ்சுப் பையை இன்னும் கையிலேயே பிடித்திருந்தேன்.

மறுநாள், காய்ச்சல் இறங்கத் தொடங்கியதும், எங்கே நடந்தது, எப்படி நடந்தது என்று டாக்டர் மறுபடி கேட்டாள். வேலையில் பட்ட காயம் என்றால் அப்படித்தான் எழுதியாக வேண்டுமாம். நான் வாயைத் திறக்கும் முன்னால் புஷ்பவள்ளியே சொன்னாள். காடு, மட்டை, வெள்ளை வண்டி, கிழித்த துண்டு, ஒன்று விடாமல். சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒரு வெரலக் குடுத்தாச்சு. இனிமே எவளாவது பேர் வைக்கட்டும், பாத்துக்கறேன்" என்றாள். பிறகு, "பசிக்குதுங்க. இங்க குடுக்கற கஞ்சி வாயில வைக்க முடியல. கீழ போயி சோறு வாங்கிட்டு வாங்க. கருவாடு இருந்தா கேளுங்க."

கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் கமலநாதன் நின்றிருந்தான். சுகுமாறனும் இருந்தான். கம்பெனியிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்திருக்க வேண்டும். முகம் கறுத்திருந்தது.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? எல்லாரோட வயித்துலயும் அடிச்சிட்டீங்களே."

"நான் அடிச்சேனா?"

"அக்காவுக்கு சுகர் இருக்கு. முள்ளு குத்துனதும் ஆஸ்பத்திரிக்குப் போகணும். அவங்கபாட்டுக்கு இலையக் கட்டிக்கிட்டு உக்காந்தா நான் என்ன பண்றது? இந்தக் காலத்துல எவன் இலைய நம்புவான்? படிக்காத ஜனம்னா சொன்னாலும் கேக்க மாட்டீங்க."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. ஸ்டோருக்குப் பின்னால் புதர் வளர்த்தவன். பாட்டன் பூட்டன் என்று பேசியவன். மண்டி போட்டு உட்கார்ந்து கட்டியவன். அவன் வாயில் இப்போது இலை மூடத்தனமாகிவிட்டது, நாங்கள் படிக்காத ஜனமாகிவிட்டோம்.

"யார்டா கட்டுனது? யார் துண்டுடா அது?"

"அக்காவேதான் கட்டுனாங்க. யாரு பாத்தா? சாட்சி இருக்கா?"

நான் சுகுமாறனைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவன். நடந்ததை எனக்கு முதலில் சொன்னவனே அவன்தான். "சொல்லுடா" என்றேன்.

அவன் செருப்பைப் பார்த்தான். "நான் குனிஞ்சு பழம் பொறுக்கிட்டு இருந்தேன் மாமா. சரியாப் பாக்கல."

கமலநாதனை அடிக்கத்தான் கை போனது. அடிக்கவில்லை. அடித்திருந்தால் அதை வைத்தே என்னைப் போலீஸில் கொடுத்திருப்பான். நேற்றிலிருந்து கூடவே தூக்கித் திரிந்த ஆரஞ்சுப் பையை அவன் வண்டியின் முன்பக்கத்தில் ஓங்கி வைத்தேன். பை கிழிந்து பழமெல்லாம் தாரில் உருண்டது. சுகுமாறன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். யாரும் சொல்லாமலே பொறுக்கினான்.

"நாளைக்குப் பெரட்டுக்கு வரவேணாம்ணே" என்றான் கமலநாதன். குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு பேரும். வேற வீடும் பாத்துக்குங்க. தோட்டத்து வீட்டப் புதுசா வர்ற ஆளுங்களுக்குக் குடுக்கணும். இந்த வயசுல வேற எங்க சேப்பாங்கன்னு எனக்குத் தெரியல."

"வரமாட்டேன். ஆனா எல்லா இடத்துலயும் சொல்லுவேன். கேக்கறவன் கேக்கட்டும். முள்ளு மேல இலையக் கட்டுனவன் நீதான்னு சொல்லுவேன்."

"சொல்லுங்க. எவன் நம்பறான்னு பாப்போம்."

வண்டி கிளம்பிப் போனது. நான் அங்கேயே வெயிலில் நின்றேன். அவன் சொன்னது உண்மையாக இருக்கலாம். யாரும் நம்பாமல் போகலாம். அந்த வெள்ளை வண்டிக்காரி எடுத்த படத்தில் கால் மட்டும்தான் இருக்குமோ, கட்டிய கையும் இருக்குமோ, எனக்குத் தெரியாது. அந்தப் பெண் யார், எங்கே போய்க் கேட்பது என்றும் தெரியாது. கேட்கத்தான் போகிறேன்.

மாடிப்படி ஏறி வார்டுக்குப் போனேன். புஷ்பவள்ளி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டுப்போட்ட கால் இரண்டு தலையணைக்கு மேல் இருந்தது.

"கீழ அவன் இருந்தானா?"

"இருந்தான்."

"என்னவாம்?"

"வேலை இல்லையாம். வீடும் இல்லையாம். இலைய நீயே கட்டிக்கிட்டியாம்."

அவள் கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு என் இரண்டு கையையும் பார்த்தாள்.

"சோறு எங்க?"

மறந்தே போயிருந்தேன்.

"அவன்கிட்ட கத்திட்டு வெறுங்கையோட வந்துட்டீங்களா? நாலு நாளா நான் ஒண்ணும் திங்கல, தெரியுமா? அவன் வேலையப் பறிச்சான், நீங்க சோத்தயும் பறிக்கறீங்களா?"

பக்கத்துக் கட்டில் சீனக் கிழவி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனை நினைத்தால் இன்னும் பல் நறநறத்தது. திரும்பி, வந்த படியிலேயே மறுபடி இறங்கினேன்.

"கருவாட மறந்துடாதீங்க!" என்று அவள் வார்டே அதிரும்படி பின்னாலிருந்து கத்தினாள்.